செடி சோர்ந்தால் முதலில் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்: பெங்களூரு பால்கனித் தோட்டத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஏப்ரல் கடைசி ஆனால் என் வீட்டு வாசலில் தொட்டிகள் வந்து சேரத் தொடங்கிவிடும். அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள அடுக்குமாடிக்கு நான் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவள் என்பதால், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வருவதுபோல அக்கம்பக்கத்தார் செடியைத் தூக்கி வருவார்கள். "அக்கா, போன மாதம்வரை நன்றாகத்தான் இருந்தது. என்ன உரம் போடலாம்?" என்பதுதான் அநேகமாக எல்லோருடைய கேள்வியும். பலர் ஏற்கெனவே இரண்டு முறை உரம் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். வேர் அதனாலேயே கூடுதலாக நொந்துபோயிருக்கும்.

ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. உரத்தையும் மருந்தையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு மூன்று கேள்விகள் கேட்பேன். இலைக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது? அது என்ன நிறத்தில் வருகிறது? வந்த வெளிச்சத்தை அந்த இலையால் பயன்படுத்திக்கொள்ள முடிகிறதா? கீழே வருபவை எல்லாம் இந்த மூன்றின் கிளைகள். உங்கள் செடியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்து வரும் மூன்று சோதனைகளை மட்டும் எந்த அறிகுறியானாலும் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, காசு செலவில்லை.

எந்த அறிகுறிக்கும் முதலில்: மூன்று சோதனைகள்

கை நிழல். பகல் 12 மணி வாக்கில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாகப் பிரிந்து, ஓரம் தெளிவாக விழுந்தால் நேரடி வெயில். கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தர வெளிச்சம். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் சில செடிகள் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான், வளராது.

லக்ஸ் அளவு. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகுதான் லக்ஸ். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்று போதும். முன்பக்கக் கேமராவுக்கு அருகில் இருக்கும் உணரிதான் வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் திரை வானத்தைப் பார்க்கும்படி, இலை இருக்கும் உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும். கைப்பேசிக்குக் கைப்பேசி எண் மாறும். ஆனால் ஒரே கைப்பேசியில் இரண்டு இடங்களை ஒப்பிட அது தாராளமாக உதவும். திறந்த மொட்டை மாடியில் தெளிந்த நண்பகலில் சுமார் 1,00,000 லக்ஸ் வரும். பால்கனிக் கம்பி ஓரத்து நிழலில் 10,000. அறைக்குள் நாற்காலி போட்டுப் புத்தகம் படிக்கும் இடத்தில் சில நூறுதான். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமன்செய்துவிடும். "வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வது அதனால்தான்.

இந்த எண்ணை நாள் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சமானால் லக்ஸை 54 ஆல் வகுத்தால், ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி மைக்ரோமோலில் கிடைக்கும் (செடி பயன்படுத்தக்கூடிய ஒளித்துகள்களை எண்ணும் அலகு மோல்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல்). அதை வெளிச்சம் இருக்கும் மணி நேரத்தாலும், பிறகு 0.0036 ஆலும் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை மோல் என்று தெரியும். 10,000 லக்ஸ் பத்து மணி நேரம் இருந்தால் 6.7 மோல். 80,000 லக்ஸ் நேரடி வெயில் நான்கு மணி நேரம் இருந்தாலே 21 மோல். மணி பிளாண்ட் போன்ற நிழல் செடிகளுக்கு 4 முதல் 6 மோல் போதும். கீரைக்கும் புதினாவுக்கும் 12 முதல் 17 வேண்டும். தக்காளியும் மிளகாயும் 20க்குக் கீழே போனால் காய்ப்பதில் சுணங்கும்.

சூரியன் இப்போது எந்தப் பக்கம்? இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. என் வாசலில் வந்து நிற்கும் தொட்டிகளில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெங்களூரு ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற எட்டு மாதங்களில் தெற்கே.

தெற்குப் பார்த்த பால்கனி, மேலே ஒன்பது அடி உயரத்தில் மாடித் தளம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 நண்பகலில், அந்த நீட்டலின் ஓரத்திலிருந்து ஆறரை அடி உள்ளேவரை தரையில் வெயில் விழும். மார்ச் 21 அன்று இரண்டே அடி. ஏப்ரல் 24 அன்று ஓர் அங்குலம்கூட இல்லை. செடியை யாரும் நகர்த்தவில்லை, தண்ணீர் மாறவில்லை, மண் மாறவில்லை. வெயில் மட்டும் சொல்லாமல் வெளியேறிவிட்டது. வடக்குப் பால்கனிக்காரர்களுக்கு இது தலைகீழ். மே, ஜூன் மாதங்களில் காலையும் மாலையும் அவர்கள் பக்கம் வெயில் எட்டிப் பார்க்கும். ஆனால் ஜூன் முதல் மழை மேகம் மூடிவிடுவதால் அந்த வெயிலும் முழுதாகக் கிடைப்பதில்லை.

திசை தெரியாவிட்டால் கைப்பேசியின் திசைகாட்டியைப் பாருங்கள். பால்கனி எந்தத் திசை என்பதைச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

அறிகுறி 1: தண்டு நெட்டையாக நீள்கிறது, கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம்

துளசியில்தான் இது சீக்கிரம் தெரியும். பழைய தண்டில் இரண்டு கணுக்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலம் இருக்கும்; புதிதாக வந்த தண்டில் மூன்று விரல்கள் நுழையும். இலை சிறுத்து, நிறம் வெளிறி, தண்டு தன் பாரத்தைத் தானே தாங்காமல் வளையும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: செடி ஒரு பக்கமாகச் சாய்கிறதா, நேராக மேலே ஓடுகிறதா?

ஒரு பக்கமாகச் சாய்ந்தால்: வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது, அதுவும் போதவில்லை. தொட்டியைக் கம்பி ஓரத்துக்கு நகர்த்துங்கள். இரண்டடி நகர்த்தினாலே லக்ஸ் பல மடங்கு ஏறுவதைக் கைப்பேசியில் நேரில் பார்க்கலாம். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்பிவையுங்கள். நகர்த்த இடமில்லை என்றால் பின்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். சாம்பல் நிறச் சிமெண்டுச் சுவர் விழுங்கிவிடும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை வெள்ளைச் சுவர் செடியின் முதுகுக்குத் திருப்பி அனுப்பும். சில நூறு ரூபாயில் முடியும் வேலைகளில் இதைவிடப் பலன் தருவதை நான் பார்த்ததில்லை.

தெற்குப் பால்கனியில் ஏப்ரலில் தொடங்கிய சாய்வு என்றால் காரணம் பருவம்தான். வெயில் கேட்கும் செடிகளை ஆகஸ்ட் கடைசிவரை மொட்டை மாடிக்கோ கிழக்குப் பக்கத்துக்கோ குடிமாற்றுங்கள். முடியாதவர்கள் அந்த நான்கு மாதங்களுக்கு அந்த இடத்தில் வெற்றிலை, கற்பூரவள்ளி போன்ற, குறைந்த வெயிலைப் பொறுத்துக்கொள்பவற்றை வைக்கலாம்.

நேராக மேலே ஓடினால், அதுவும் லக்ஸ் ஓரளவு நன்றாக இருந்தும் ஓடினால்: வெளிச்சத்தின் நிறத்தைச் சந்தேகியுங்கள். இலை சிவப்பையும் நீலத்தையும் தனக்கு எடுத்துக்கொண்டு, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைசிவப்பை அப்படியே கீழே விட்டுவிடுகிறது. அதனால் மர நிழலில் வரும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு மிஞ்சி நிற்கும். கீழே இருக்கும் செடி அதை உணர்ந்து, பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று முடிவுசெய்து, இலைக்குச் செலவிட வேண்டியதைத் தண்டுக்குச் செலவிட்டு உயரப் பார்க்கும். கட்டட நிழலில் இந்த நிற மாற்றம் இவ்வளவு இருக்காது. ஆகவே ஒரே லக்ஸ் இருந்தாலும், சுவர் நிழலில் கட்டையாக இருக்கும் செடி மர நிழலில் நெட்டையாகப் போகலாம்.

இதற்கு மலிவான தீர்வு தொட்டிகளைப் பிரித்துவைப்பது. ஒன்றின் இலை மற்றதைத் தொடாத அளவுக்கு இடைவெளி விடுங்கள். பக்கத்துத் தொட்டியின் பச்சை இலையும் இதே தொலைசிவப்பைத் திருப்பி அடிக்கிறது. பிறகு நிழல்வலையைப் பாருங்கள். நம் ஊரில் நிழல்வலை என்றாலே பச்சை வலைதான். அதுவும் செடிக்கு வேண்டிய சிவப்பில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது. பூச்செடிக்கும் காய்க்கும் வலை அவசியம் என்றால் 35 அல்லது 50 சதவீத (வெளிச்சத்தில் அவ்வளவு பங்கை மறைக்கும்) வெள்ளை அல்லது கறுப்பு வலை வாங்குங்கள். 75 சதவீதப் பச்சை வலையின் கீழே மிளகாய் காய்க்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

அடுத்தது மாடிக் கூரை ஷீட். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மாடியில் நீல நிற பாலிகார்பனேட் ஷீட் போட்டு அதன் கீழே இருபது தொட்டிகள் வைத்திருந்தார்கள். தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. அந்த அம்மாளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பாதி ஷீட்டின் கீழும் பாதி வெயிலிலும் இருக்கும்படி பிடிக்கச் சொன்னேன். ஒரு பாதி வெள்ளை, மறு பாதி ஊதா கலந்த நீலம். "இரண்டு வருடமாக இங்கேதான் துணி காயப்போடுகிறேன், எனக்குத் தெரியவே இல்லையே!" என்றார். கண் பழகிவிடும், தாள் பழகாது. நீல ஷீட் சிவப்பைத் தடுப்பதோடு மொத்த வெளிச்சத்திலும் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறது. நிறமில்லாத ஷீட்டுக்கு மாற்றுவதுதான் தீர்வு. வெயிலில் மஞ்சள் பாய்ந்துபோன பழைய ஷீட்டுக்கும் இதே கதைதான்.

ஆளைக் கூப்பிடவேண்டிய இடம்: ஷீட் மாற்றுவதற்கு ஃபேப்ரிகேஷன் வேலைக்காரர் தேவை. ஒட்டுமொத்தக் கட்டடத்தின் கூரையானால் முதலில் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல். மரக்கிளை மறைக்கிறது என்றால் நீங்களே அரிவாளை எடுக்காதீர்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இன்படி அனுமதி வேண்டும். மாநகராட்சியின் வனப்பிரிவில் விண்ணப்பியுங்கள். என் எண்ணம் வேறு: இந்த நகரத்தில் மிஞ்சியிருக்கும் மரத்தை ஒரு தக்காளிச் செடிக்காக வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. தொட்டியை நகர்த்துங்கள்.

ஏற்கெனவே நீண்டுபோன தண்டு, வெளிச்சம் கிடைத்தபின் சுருங்காது. இடத்தை மாற்றி இரண்டு வாரம் கழித்து, கீழிருந்து மூன்றாவது நான்காவது கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள். அங்கிருந்து வரும் கிளை கட்டையாக வரும்.

அறிகுறி 2: நாற்று முளைத்த சில நாளிலேயே நூலாக நீண்டு விழுகிறது

ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: விதைத் தட்டு சமையலறை மேடையிலோ ஜன்னல் ஓரத்திலோ இருக்கிறது. முளை தலைகாட்டிய அன்றே வெளியே எடுத்துவையுங்கள். காலை வெயில் படும் இடமானால் மிக நல்லது. தக்காளி நாற்று நீண்டிருந்தால் இடம் மாற்றும்போது விதையிலைவரை மண்ணில் புதைத்து நடலாம். தண்டிலிருந்து வேர் விடும். கீரை நாற்றுக்கு அந்த வழி இல்லை. மறுபடி விதையுங்கள், விதை விலை குறைவுதான். தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சுருங்கி விழுந்தால் அது வெளிச்சக் கோளாறு அல்ல, நாற்றழுகல். அந்தத் தட்டு மண்ணை அப்படியே கொட்டிவிடுங்கள்.

அறிகுறி 3: இலையில் வெளுத்த திட்டு, பிறகு காகிதம்போலக் காய்கிறது

மார்ச், ஏப்ரலில் மேற்குப் பால்கனிகளில் அதிகம். ஆனால் இதே தோற்றத்தைத் தரும் வேறு இரண்டு கோளாறுகளும் உண்டு. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

திட்டு வெயிலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கிறதா? மேலே இருந்த இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும், கத்தரித்து ஒட்டியதுபோல அதே வடிவத்தில் பச்சையாகத் தப்பியிருக்கிறதா? அப்படியானால் வெயில் சுட்டது. நோய் நிழல் பார்த்துப் பரவாது. சித்தாபுரா பக்கத்து நர்சரிகளில் வாங்கிவரும் செடிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அங்கே வலை நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்த்துப் பிடிக்கவென்றே உருவானது. அதைக் கொண்டுவந்து அன்றே பிற்பகல் மூன்று மணி வெயிலில் நிறுத்தினால், செலவழிக்க முடியாத ஒளி இலைக்குள் குவிந்து பச்சையத்தையே அழிக்கிறது. பத்து முதல் பதினான்கு நாள்வரை பழக்குங்கள்: முதல் மூன்று நாள் காலை ஒரு மணி நேர வெயில், பிறகு இரண்டு, பிறகு நான்கு. சுட்ட இலை மீளாது. ஆனாலும் பாதிக்குமேல் பச்சை இருந்தால் அதைக் கிள்ளாதீர்கள்; புதிய இலை வரும்வரை அதுதான் சோறு போடுகிறது.

நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பானால் பெரும்பாலும் உப்பு. காவிரித் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ ஊற்றும் வீடுகளில் பார்க்கலாம். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். மழை நீரோ நல்ல தண்ணீரோ தொட்டி கொள்ளளவின் இரண்டு மடங்கு ஊற்றி அடியில் வடியவிடுங்கள்.

ஊசி குத்தியதுபோலப் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகளானால், வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில ஊர்ந்து போனால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு சோப்புக் கரைசல் சேர்த்த வேப்பெண்ணெயை மாலையில் மட்டும் தெளியுங்கள். எண்ணெய் தெளித்த இலையில் பகல் வெயில் பட்டால் அதுவே சுட்டுவிடும்.

அறிகுறி 4: வெயில் நிறைய இருக்கிறது, செடி மட்டும் நகரவே இல்லை

வெளிச்சம் வந்து சேர்வது பாதிதான். அதை இலையால் பயன்படுத்த முடிய வேண்டும். எனக்கு மிகவும் அக்கறை உள்ள பகுதி இது. இங்கேதான் மக்கள் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். காசில்லாத காரணத்திலிருந்து தொடங்கி வரிசையாக நீக்கிக்கொண்டு வாருங்கள்.

தூசி. இலையின் மேல் ஈர விரலால் ஒரு கோடு இழுங்கள். விரல் சாம்பலாகிறதா, கோடு தனியாகப் பளிச்சென்று தெரிகிறதா? மெட்ரோ வேலையும் சாலை தோண்டலும் நடக்கும் தெருக்களில் இரண்டு வாரத்தில் இந்த அளவு படிந்துவிடும். தூசி வெளிச்சத்தை மறைக்கிறது, இலைத்துளைகளையும் அடைக்கிறது. அகன்ற இலைகளை ஈரத் துணியால் துடையுங்கள். சிற்றிலைச் செடிகளைக் காலையில் பூவாளியால் குளிப்பாட்டுங்கள்.

குளிர். டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவில் 15 டிகிரிக்கு இறங்கும். கறிவேப்பிலை அந்தக் குளிரில் எவ்வளவு வெயில் இருந்தாலும் உறங்கிவிடும். சென்னையிலும் மதுரையிலும் இருந்து வந்தவர்கள் "ஊரில் இப்படி நின்றதே இல்லையே" என்று பதறுவார்கள். தண்ணீரைக் குறைத்து, உரம் எதுவும் போடாமல் பிப்ரவரி கடைசிவரை பொறுத்திருங்கள்.

நண்பகல் வாட்டம். காலையில் நிமிர்ந்து நிற்கிறது, ஒரு மணிக்குத் தொங்குகிறது, மாலையில் மீள்கிறது. அந்த நடுப்பகல் முழுவதும் இலைத்துளைகள் மூடிக்கிடக்கின்றன; வெயில் கொட்டினாலும் கரியமில வாயு உள்ளே போகாது, உணவு தயாராகாது. தொட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும். உள்ளே வேர் வேகிறது. சாக்குத் துணி சுற்றுங்கள், அல்லது முன்னால் ஒரு காலித் தொட்டியை நிறுத்தி நிழல் கொடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ இரண்டங்குலம் பரப்புங்கள்.

வேர் நெருக்கம். செடியை மண்ணோடு சாய்த்து இழுங்கள். தொட்டியின் வடிவத்திலேயே வெள்ளை வேர் பாய் முடைந்ததுபோலச் சுற்றியிருந்தால் இரண்டு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

இடப்பொருத்தம். எல்லாச் செடியும் எல்லா வெயிலையும் பயன்படுத்தாது. தக்காளி, மிளகாய், கொத்தமல்லி, பாலக் இவற்றின் தனி இலை, முழு வெயிலில் பாதிக்கும் கீழேயே நிறைவடைந்துவிடும். அதற்குமேல் விழுவது பெரும்பாலும் சூடாகத்தான் போகிறது. தண்டுக்கீரை, அரைக்கீரை, மக்காச்சோளம் வேறு இனம். முழு வெயிலையும் இழுத்து வேலை வாங்கிக்கொள்ளும். ஆகவே மாடியின் கொதிக்கும் மூலையைக் கீரைத்தண்டுக்குக் கொடுங்கள். கொத்தமல்லிக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலுமான இடம் நல்லது. மூன்று மணி நேரக் கடும் வெயிலைவிட எட்டு மணி நேர மிதமான வெளிச்சத்தை அது சிக்கனமாகப் பயன்படுத்தும். அவரை, புடலைப் பந்தலில் கொடி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் மேல் இலைக்குத் தேவைக்கு அதிகம், கீழ் இலைக்குப் பட்டினி. கொடியைப் பிரித்து விரித்துக் கட்டுங்கள். அதே வெயிலில் காய் கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் சத்து. பழைய கீழிலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. புதிய இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் பெரும்பாலும் இரும்புச்சத்து. கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கியிருக்கும்.

ஆளைக் கூப்பிடவேண்டிய இடம்: இரும்புச்சத்து கொடுத்து ஒரு மாதமாகியும் புதிய இலை பச்சையாகவில்லை, அல்லது ஒரே நேரத்தில் ஐந்தாறு தொட்டிகள் நின்றுபோயின என்றால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். பல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் பல்கலைக்கழகமும், ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. நல்ல இலை ஒன்று, கெட்ட இலை ஒன்று, மண் அரைக்கிலோ, ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில் என்று எடுத்துப் போங்கள்.

அறிகுறி 5: வீட்டுக்குள் இருக்கும் செடியின் கீழிலை மஞ்சள், மண் எப்போதும் ஈரம்

வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். நாம் பழக்கதோஷத்தில் தினமும் ஊற்றுவோம். விரலை இரண்டங்குலம் மண்ணில் நுழையுங்கள், ஈரமிருந்தால் ஊற்றாதீர்கள். மண்ணைச் சுற்றிக் கறுப்பான சின்ன ஈ பறந்தால் ஈரம் அளவு மீறிவிட்டது என்று உறுதி. வெள்ளையும் பச்சையும் கலந்த மணி பிளாண்ட் முழுப் பச்சையாக மாறுவதும் வெளிச்சப் பற்றாக்குறைதான். ஜன்னல் அருகே கொண்டுவந்தால் புதிய இலையில் வெள்ளை திரும்பும். ஜன்னல் கண்ணாடி கறுப்பு ஃபிலிம் ஒட்டியதா என்றும் பாருங்கள். உள்ளிருந்து பார்த்தால் தெரியாது. கதவைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை லக்ஸ் அளந்தால் தெரிந்துவிடும். வேர் கறுத்து நாற்றமடித்தால் நல்ல கிளையைத் தண்ணீரில் வேர்விடச் செய்து புதிதாகத் தொடங்குவதே சுலபம்.

அறிகுறி 6: க்ரோ லைட் போட்டும் பயனில்லை

முதலில் தூரம். விளக்கு கூரையில் தொங்குகிறதா? இலைக்கு மேல் ஓரடிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து நேரம்: மாலையில் நான்கு மணி நேரம் என்பது போதாது, 12 முதல் 14 மணி நேரம் வேண்டும். ஒரு டைமர் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் விளக்கின் பலம்தான் பிரச்சினை. ஒரு கணக்கைச் சொல்கிறேன். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு சுமார் 2,000 லுமென் (விளக்கு வெளிவிடும் மொத்த வெளிச்சத்தின் அலகு) தரும். அதன் வெளிச்சம் அநேகமாக முழுவதும் நான்கு சதுர அடியில் விழுந்தால்கூட 5,000 லக்ஸ் அளவில்தான் வரும். மேலே சொன்ன நாள் கணக்கில் இந்த விளக்குக்கு 54க்குப் பதிலாக 70ஆல் வகுக்க வேண்டும். பதினான்கு மணி நேரம் எரித்தாலும் நாளுக்கு மூன்றரை மோல். மணி பிளாண்டுக்கு இது ஏறக்குறையப் போதும். கீரைக்கு அதே நான்கு சதுர அடிக்கு நான்கு விளக்குகள் வேண்டும்: 80 வாட், நாளுக்கு 1.1 யூனிட், மாதத்துக்கு 34 யூனிட். உங்கள் மின்கட்டண விலையால் பெருக்கிப் பார்த்து, அந்தப் பணத்துக்கு எத்தனை கட்டுக் கீரை வாங்கலாம் என்று எண்ணி முடிவெடுங்கள். நாற்று வளர்க்க விளக்கு மிக நல்லது. தக்காளி காய்க்கவைக்க வீட்டு விளக்கை நம்ப வேண்டாம்.

ஊதா நிற விளக்குதான் செடிக்கு ஏற்றது என்று எஸ்.பி. ரோடு கடைகளில் சொல்வார்கள். சிவப்பும் நீலமும் கலந்த அந்த விளக்கில் செடி வளரும், பொய்யில்லை. ஆனால் பச்சை ஒளி வீண் என்பது சரியல்ல. 1970களின் தொடக்கத்தில் கீத் மெக்ரீ என்ற அறிவியலாளர் 22 வகைச் செடிகளில் நிறம் நிறமாக அளந்து, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை கணிசமாக நடப்பதைக் காட்டினார். வெள்ளை விளக்கில் இலையின் உண்மை நிறம் தெரியும். பூச்சியும் மஞ்சளும் முதல் நாளே கண்ணில் படும். ஊதாவில் எல்லா இலையும் கறுப்பாகத்தான் தெரியும். நான் வெள்ளையைத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஆளைக் கூப்பிடவேண்டிய இடம்: பால்கனியில் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் விளக்கு மாட்டுவதானால் எலக்ட்ரீஷியன் கட்டாயம். மழை படாத வகை விளக்கும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் நீட்டிப்பு ஒயரில் நீங்களே இழுக்காதீர்கள்.

அறிகுறி 7: இலை தழைத்துத் தள்ளுகிறது, பூ மட்டும் இல்லை

மல்லிகையானால் நேரடி வெயில் ஆறு மணி நேரம் கிடைக்கிறதா என்று எண்ணுங்கள். கிடைக்கிறது என்றால் கவாத்து செய்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் பாதி உயரத்துக்கு வெட்டி, உள்பக்கக் குச்சிகளை எடுத்துவிட்டால் வெளிச்சம் செடியின் நடுவரை இறங்கும். புதுக் கிளையில்தான் பூ வரும். கடலைப் புண்ணாக்குக் கரைசலை மாதம் இரண்டு முறை ஊற்றுபவர்கள் நிறுத்துங்கள். தழைச்சத்து இலையைத்தான் தள்ளும்.

சாமந்தியும் பாயின்செட்டியாவும் வேறு கணக்கு. இவை வெயிலின் அளவோடு இரவின் நீளத்தையும் பார்க்கின்றன. நீண்ட இருட்டு தொடர்ந்து கிடைத்தால்தான் மொட்டு கட்டும். நடு இரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே அந்த இரவைக் குறுகிய இரவாக எண்ணிவிடும். பெங்களூருவைச் சுற்றியுள்ள சாமந்தித் தோட்டங்களில் இரவில் வரிசையாகப் பல்புகள் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். செடி அவசரப்பட்டுச் சின்னதாகவே பூத்துவிடாமல் தடுக்க உழவர்கள் வேண்டுமென்றே செய்வது அது. உங்கள் பால்கனிக்கு நேரே நிற்கும் எல்.இ.டி. தெருவிளக்கு அதே வேலையை நீங்கள் கேட்காமலே செய்கிறது. சில ரகங்களுக்குச் சில பத்து லக்ஸே போதும்.

எங்கள் இரண்டாவது மாடி மாமி மூன்று வருடமாகப் பூக்காத சாமந்தியைக் கொண்டுவந்தபோது செடியில் ஒரு குறையும் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். பால்கனித் தரையில் ஜன்னல் கம்பியின் நிழல் கோடு கோடாக விழுந்திருந்தது. நிழல் விழும் அளவுக்குத் தெருவிளக்கு. "இவ்வளவு வெளிச்சமா அம்மா வருகிறது!" என்று அவரே சொன்னார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். இரவில் தொட்டி இருக்கும் இடத்தில் உங்கள் கை நிழல் தரையில் தெரிந்தால், விளக்குப் படாத பக்கத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். இடமில்லை என்றால் மாலை 6 மணிக்கு ஓட்டையில்லாத ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை 8 மணிக்கு எடுங்கள். ஒரு நாளும் தவறாமல் ஆறு முதல் எட்டு வாரம். மொட்டில் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். பகலில் முழு வெயில் கொடுக்க மறந்தால் இருட்டு மட்டும் பலன் தராது. தெருவிளக்கின் தலை உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால், மறைப்புத் தகடு போடும்படி மாநகராட்சியின் மின்பிரிவில் எழுதிக் கொடுங்கள். கம்பத்தில் இருக்கும் எண்ணைக் குறிப்பிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். மாமி அட்டைப்பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார். அக்டோபர் முதல் வாரம் கவிழ்க்கத் தொடங்கினார். கார்த்திகை தீபத்தன்று முதல் மஞ்சள் பூவை எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.